கேள்வி பதில்: ஊரை விட்டுப் போகாத ஜார்ஜ்

போன இதழில் ஒரு வாசகர், பண்டிகை நாளில் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க ஒரு பழைய ஆங்கிலப் படம் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். 'இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்' என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது. பார்த்துவிட்டு அழுதவர்கள், பாதியில் நிறுத்தியவர்கள், "இதையா குடும்பத்தோடு பார்க்கச் சொன்னீர்கள்" என்று என்மேல் கோபப்பட்டவர்கள் என்று கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. சரி, இந்த முறை முழுக்க அந்த ஒரு படம்தான். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: 1946-இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். அப்படி என்னதான் இருக்கிறது அதில்? பார்க்காதவர்களுக்காகக் கதையையும் கொஞ்சம் சொல்லுங்களேன்.

பதில்: சொல்கிறேன். முடிவு தெரிந்தாலும் தொண்டை அடைக்கிற படம் இது, அதனால் கதை தெரிந்துவிட்டதே என்று வருத்தப்பட வேண்டாம். அமெரிக்காவில் பெட்ஃபோர்டு ஃபால்ஸ் என்று ஒரு சின்ன ஊர், கற்பனை ஊர்தான். அங்கே ஜார்ஜ் பெய்லி என்று ஒருவன். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு உலகம் சுற்ற ஆசை, பெரிய பெரிய பாலங்களும் கட்டடங்களும் கட்ட ஆசை. கிளம்பும்போதெல்லாம் ஏதாவது ஒன்று வந்து காலைக் கட்டிப்போடும். ஐரோப்பாவுக்குப் புறப்பட இருக்கும்போது அப்பா படுத்துவிடுகிறார், இறந்தும்விடுகிறார். அப்பா நடத்திய சின்ன வீட்டுக்கடன் சங்கத்தை இவன் ஏற்றால்தான் அது பிழைக்கும் என்ற நிலை. சரி, தம்பி ஹாரி படித்துவிட்டு வந்து பொறுப்பை எடுத்துக்கொள்வான், அப்புறம் நாம் போகலாம் என்று காத்திருந்தால், தம்பி கல்யாணமாகி, மாமனார் தரும் வேலையோடு வந்து இறங்குகிறான். இவனுக்கே கல்யாணமாகித் தேனிலவுக்குக் கிளம்பும் அன்றைக்கு, ஊரே திரண்டு வந்து போட்ட பணத்தைத் திருப்பிக் கேட்கிறது. போருக்காவது போகலாமென்றால் அதற்கும் வழியில்லை, சின்ன வயதில் பனி உடைந்து தண்ணீரில் விழுந்த தம்பியைக் காப்பாற்றப் போய் ஒரு காது போயிருக்கிறது.

கடைசியில் ஒரு கிறிஸ்துமஸ் முந்தின நாள் சங்கத்தின் 8,000 டாலர் காணாமல் போகிறது. ஜெயில் நிச்சயம் என்ற நிலையில் ஜார்ஜ் பாலத்தின் மேல் போய் நிற்கிறான். அங்கேதான் கிளாரன்ஸ் என்ற தேவதூதர் வருகிறார். இன்னும் சிறகு கிடைக்காத இரண்டாம் வகுப்புத் தேவதூதர், பார்த்தால் வாட்ச் ரிப்பேர் செய்பவர் மாதிரி இருப்பார். "நான் பிறந்தே இருக்கக்கூடாது" என்று ஜார்ஜ் சொல்ல, சரி, அப்படியே ஆகட்டும் என்று அவன் பிறக்காத ஊரைக் காட்டுகிறார். தம்பி சிறுவயதிலேயே பனிக்கு அடியில் செத்துப்போயிருக்கிறான். போரில் அந்தத் தம்பி காப்பாற்றிய ஒரு கப்பல் நிறைய ஆட்களும் அதனால் செத்துப்போயிருக்கிறார்கள். படத்தில் எனக்கு மிகப் பிடித்த கணக்கு இது: ஒரு பையன் தண்ணீரில் குதிக்கவில்லை, அதனால் எங்கோ கடலில் ஒரு கப்பலே போய்விட்டது.

கேள்வி: குடும்பத்தோடு பார்க்கலாம் என்றீர்களே, எங்கள் வீட்டில் பிள்ளைகள் மிரண்டுவிட்டார்கள். அப்பாவாக வருகிறவர் கத்துகிறார், பொருளைப் போட்டு உடைக்கிறார், சாகப் போகிறார். இதுவா பண்டிகைப் படம்?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஒரே வரியில் பதில் எழுதியது என் தப்பு. பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளோடு பார்ப்பதாக இருந்தால் முதல் தடவை பக்கத்திலேயே உட்கார்ந்து பாருங்கள் என்று சேர்த்து எழுதியிருக்க வேண்டும்.

ஆனால் ஒன்று. அந்தக் காட்சிகள் இல்லையென்றால் இந்தப் படம் எப்போதோ மறந்துபோயிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். மொத்தம் 130 நிமிடம். தேவதூதர் கண்ணால் தெரிவதே ஒன்றரை மணி நேரம் தாண்டித்தான். அதுவரை நாம் பார்ப்பது என்ன? ஒரு நல்ல மனிதன் ஒவ்வொரு முறையும் விட்டுக்கொடுத்து, ஒவ்வொரு முறையும் உள்ளே கொஞ்சம் கசந்து, கடைசியில் ஒருநாள் அந்தக் கசப்பு மொத்தத்தையும் வீட்டு ஆட்கள் மேல் கொட்டுவதை. மகள் பியானோவில் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறாள், இவன் நிறுத்து என்று கத்துகிறான். சின்ன மகள் ஸூஸூவுக்குக் காய்ச்சல், அதற்காக அவள் டீச்சரைப் போனில் திட்டுகிறான். மேசை மேல் தான் செய்து வைத்திருந்த பாலத்தின் மாதிரியை, அதாவது தன் பழைய கனவையே, காலால் எட்டி உதைக்கிறான். அப்புறம் எல்லோரும் உறைந்துபோய் நிற்கும்போது, மகளைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, நீ வாசி என்கிறான். அந்தப் பெண் அழுகிறாள். பணக்கஷ்டம் வந்த வீட்டில் வளர்ந்த யாருக்கும் அந்த அறை தெரியும். பண்டிகைக்கு முந்தின நாள்தான் அது அதிகமாகவும் நடக்கும்.

ஜார்ஜாக நடித்தவர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டி, ஐரோப்பாவின் மேல் 20 தாக்குதல்களுக்குப் போய் வந்தவர். போர் முடிந்து திரும்பியதும் நடித்த முதல் படம் இது. மதுக்கடையில் உட்கார்ந்து, எனக்கு வழி காட்டு என்று முணுமுணுப்பாக வேண்டிக்கொள்ளும் காட்சியில் அவருக்கு வந்த கண்ணீர் திட்டத்திலேயே இல்லாதது. கேமரா தூரத்தில் இருந்தது, மறுபடி எடுத்தால் அது வராது என்று தெரிந்து, எடுத்த பிம்பத்தையே லேபில் பெரிதாக்கிக்கொண்டார் இயக்குநர் ஃப்ராங்க் காப்ரா. அதனால்தான் அந்த இடத்தில் படம் கொஞ்சம் பொரிபொரியாகத் தெரியும். அடுத்த முறை கவனியுங்கள்.

கேள்வி: வெளியான காலத்தில் இது தோல்விப் படம் என்கிறார்களே, நிஜமா?

பதில்: நிஜம்தான். படுதோல்வி என்று சொல்ல முடியாது, போட்ட காசு வரவில்லை. மூன்று மில்லியன் டாலருக்கு மேல் செலவு, அந்தக் காலத்துக்கு அது பெரிய தொகை. வசூலில் ஏறக்குறைய 5,25,000 டாலர் நஷ்டம் என்று கணக்கு. ஸ்டுடியோக்களின் பிடியில் இல்லாமல் படம் எடுக்க வேண்டும் என்று காப்ரா நண்பர்களோடு சேர்ந்து லிபர்ட்டி ஃபிலிம்ஸ் என்று ஒரு கம்பெனி தொடங்கியிருந்தார், அதன் முதல் படம் இது. அடுத்த வருடமே அதைப் பாரமவுண்ட்டுக்கு விற்க வேண்டியதாயிற்று.

1947 ஜனவரியில் வர வேண்டிய படம். ஆஸ்கர் போட்டிக்கு அந்த வருடமே நுழைய வேண்டும் என்று 1946 டிசம்பர் 20-ஆம் தேதி நியூயார்க்கில் அவசரமாகத் திரையிட்டார்கள். ஐந்து பரிந்துரை கிடைத்தது, ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. போரிலிருந்து வீடு திரும்பும் வீரர்களைப் பற்றிய 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' சிறந்த படம், சிறந்த இயக்குநர், சிறந்த நடிகர் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டது. அதை எடுத்த வில்லியம் வைலர் யார் தெரியுமா? லிபர்ட்டி ஃபிலிம்ஸில் காப்ராவின் கூட்டாளி. பங்காளியிடமே தோற்ற கதை.

கேள்வி: அப்படியானால் தோற்ற படம் எப்படி ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் போடுகிற படமாயிற்று?

பதில்: இதற்கான பதில் கலையில் இல்லை, ஒரு ஆபீஸ் பைலில் இருக்கிறது.

அமெரிக்காவில் அப்போதிருந்த சட்டப்படி ஒரு படத்தின் காப்புரிமை முதலில் 28 வருடத்துக்குத்தான். அது முடியும்போது விண்ணப்பம் போட்டுப் புதுப்பித்தால் இன்னொரு தவணை கிடைக்கும். 1946-ஓடு 28-ஐக் கூட்டினால் 1974. அந்த வருடம் உரிமை வைத்திருந்த நிறுவனம் புதுப்பிக்கத் தவறிவிட்டது. அவ்வளவுதான், காசு கொடுக்காமல் யார் வேண்டுமானாலும் ஒளிபரப்பலாம் என்றாகிவிட்டது. டிசம்பர் மாதம் டிவி நிலையங்களுக்கு நேரத்தை நிரப்பப் படம் வேண்டும், இதோ பெரிய நடிகர் நடித்த கிறிஸ்துமஸ் படம் சும்மா கிடக்கிறது. விடுவார்களா? சின்ன நிலையம், பெரிய நிலையம் எல்லாம் போட்டன. ஒரே நாளில் இரண்டு மூன்று சேனலில் ஓடியதும் உண்டு. இப்படியே ஏறக்குறைய இருபது வருடம். தியேட்டரில் பார்க்காத ஒரு தலைமுறை, சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே நடந்தபடி, பாதியிலிருந்தும் கடைசியிலிருந்தும் பார்த்துப் பார்த்தே அதை மனப்பாடம் செய்துவிட்டது.

இலவசம் என்பதால் மட்டும் ஒரு படம் நிலைத்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். காப்புரிமை போன பழைய படங்கள் எத்தனையோ உண்டு, அவற்றை யாரும் வருடா வருடம் தேடிப் பார்ப்பதில்லை. கதவு தற்செயலாகத் திறந்தது, உள்ளே வந்து உட்கார்ந்தது படத்தின் சாமர்த்தியம்.

அப்புறம் 1993-இல் கதவு மறுபடி சாத்தப்பட்டது. படத்துக்கு உரிமை போனாலும் அதன் மூலக்கதைக்கு உரிமை இருக்கிறதே என்று ரிபப்ளிக் பிக்சர்ஸ் என்ற கம்பெனி கிளம்பியது. அதற்கு ஆதாரமாக அவர்கள் காட்டியது 1990-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்பை. அந்த வழக்கின் பெயர் 'ஸ்டூவர்ட் எதிர் அபெண்ட்'. அந்த ஸ்டூவர்ட் நம் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டேதான்! 'ரியர் விண்டோ' என்ற வேறு ஒரு படத்தின் கதை உரிமை பற்றிய வழக்கு அது. தான் நடித்த ஒரு படத்துக்காக அவர் தோற்ற வழக்கு, தான் நடித்த இன்னொரு படத்தைப் பூட்டி வைக்கப் பயன்பட்டது. திரைக்கதையில் எழுதினால் நம்ப மாட்டோம். 1994-இலிருந்து பல வருடம் என்பிசி டிவி மட்டும்தான் ஒளிபரப்பியது, வருடத்துக்குப் பெரும்பாலும் இரண்டே தடவை.

கேள்வி: மூலக்கதை யாருடையது?

பதில்: ஃபிலிப் வான் டோரன் ஸ்டெர்ன் என்ற எழுத்தாளருடையது. பெயர் 'தி கிரேட்டஸ்ட் கிஃப்ட்'. 1938-இல் ஒரு கனவில் வந்த கரு, முடித்தது 1943-இல். எந்தப் பத்திரிகையும் வாங்கவில்லை. மனிதர் சளைக்காமல் சொந்தக் காசில் 200 பிரதி அச்சடித்து நண்பர்களுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து மாதிரி அனுப்பிவிட்டார். அதில் ஒன்று எப்படியோ ஹாலிவுட் கைக்குப் போய், ஆர்கேஓ ஸ்டுடியோ 10,000 டாலருக்கு வாங்கியது, நடிகர் கேரி கிராண்டை வைத்து எடுக்கலாம் என்று. பல பேர் எழுதிப் பார்த்தும் திரைக்கதை அமையாமல் காப்ராவிடம் தள்ளிவிட்டார்கள். (கிராண்ட் 1947-இல் வேறொரு கிறிஸ்துமஸ் படத்தில் தேவதூதராகவே நடித்துவிட்டார்.) திருப்பி அனுப்பிய பத்திரிகை ஆசிரியர்களை நினைத்துச் சிரிக்கலாம் என்று பார்த்தால், நானும் கதைகளைத் திருப்பி அனுப்புகிற வேலை பார்த்தவன், அதனால் வாயை மூடிக்கொள்கிறேன்.

கேள்வி: அந்தப் பனி நிஜமா?

பதில்: ஒரு துளிகூட இல்லை! படம் பிடித்தது 1946 ஏப்ரலிலிருந்து ஜூலை வரை, கலிஃபோர்னியாவின் நல்ல வெயிலில். பாலத்துக் காட்சியில் ஜார்ஜ் முகத்தில் வழிவது பயமும் வேதனையும் என்று நினைப்போம், அதில் பாதி நிஜ வியர்வை.

அதற்கு முன்பெல்லாம் சினிமாவில் பனி என்றால் கார்ன்ஃபிளேக்ஸுக்கு வெள்ளை அடித்துக் கொட்டுவார்கள். அதன் மேல் நடந்தால் அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம் வரும், வசனத்தைப் பின்னால் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். காப்ராவுக்கு அது பிடிக்கவில்லை, நேரடியாக ஒலி வேண்டும் என்றார். ஸ்டுடியோவின் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் ஆட்கள் தீயணைக்கப் பயன்படும் நுரையோடு சோப்பு, தண்ணீர் எல்லாம் கலந்து, காற்றடிக்கும் இயந்திரம் வழியாக ஊதிச் சத்தமே போடாத பனியைச் செய்தார்கள். படத்துக்கு ஆஸ்கர் கிடைக்காவிட்டாலும் பின்னால் இந்த முறைக்காக அகாடமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. சோப்பு நுரைக்கு விருது, ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டுக்கு இல்லை.

கேள்வி: அந்த ஊரை நேரில் போய்ப் பார்க்க முடியுமா?

பதில்: முடியாது. கலிஃபோர்னியாவில் என்சினோ என்ற இடத்தில் நான்கு ஏக்கரில் போட்ட செட் அது, 75 கடையும் கட்டடமும் கொண்டது, ஓக் மரங்களைக்கூட வேரோடு கொண்டுவந்து நட்டார்கள். இப்போது அங்கே எதுவும் இல்லை. நியூயார்க் மாநிலத்தில் செனெக்கா ஃபால்ஸ் என்ற ஊர்க்காரர்கள் எங்கள் ஊரைப் பார்த்துத்தான் எடுத்தார்கள் என்று சொல்லி டிசம்பரில் விழா நடத்துகிறார்கள், ஒரு மியூசியமும் வைத்திருக்கிறார்கள். நடன அரங்கின் தரை இரண்டாகப் பிளந்து எல்லோரும் நீச்சல் குளத்தில் விழுவார்களே, அது நிஜமான இடம், பெவர்லி ஹில்ஸில் ஒரு பள்ளிக்கூடத்து ஜிம் அது.

கேள்வி: பணத்தை எடுத்து ஒளித்து வைத்த அந்தப் பேங்க் முதலாளிக் கிழவன் பாட்டருக்குத் தண்டனையே இல்லையே! எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

பதில்: உங்களுக்கு மட்டுமில்லை, 1946-இலிருந்தே நிறையப் பேருக்கு இதே கோபம். அமெரிக்காவின் 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியில் 1986-இல் இதை வைத்தே ஒரு நகைச்சுவை நாடகம் போட்டார்கள், தொலைந்துபோன கடைசிக் காட்சி என்று சொல்லி, ஊரே திரண்டு போய்ப் பாட்டரை உதைக்கும்.

என்ன நடந்தது என்று நினைவுபடுத்துகிறேன். பேங்க்கில் கட்டக் கொண்டுபோன 8,000 டாலர் கவரை, தம்பி ஹாரியின் படம் போட்ட செய்தித்தாளோடு சேர்த்து மடித்து, பீற்றிக்கொள்ளும் அவசரத்தில் பாட்டர் கையிலேயே கொடுத்துவிடுகிறார் ஜார்ஜின் சித்தப்பா பில்லி. பாட்டர் பிரித்துப் பார்க்கிறார், கதவிடுக்கு வழியாகச் சித்தப்பா தவிப்பதையும் பார்க்கிறார், சும்மா இருந்துவிடுகிறார். அப்போது பாட்டரின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஒரு ஆள் பின்னாலேயே நிற்கிறான் பாருங்கள். படம் முழுக்க அவன் ஒரு வார்த்தை பேசுவதில்லை. எனக்குப் பாட்டரைவிட அவனைப் பார்த்தால்தான் ஆத்திரம் வரும்.

அந்தக் காலத்து ஹாலிவுட் தணிக்கை விதி, திருடியவன் படம் முடிவதற்குள் தண்டனை அடைய வேண்டும் என்று எதிர்பார்க்கும். இங்கே எப்படியோ தப்பிவிட்டது. தப்பியது நல்லது என்பேன். பாட்டர் மாட்டிக்கொண்டு பணம் திரும்பி வந்திருந்தால் அது போலீஸ் கண்டுபிடித்த கதையாகியிருக்கும். பணம் திரும்பி வராததால்தான் ஊர் மடியை அவிழ்க்கிறது. இன்னொன்று, பாட்டர் மாதிரி ஆட்கள் நம்மைச் சுற்றி என்ன ஆகிறார்கள்? சுகமாகத் தூங்குகிறார்கள், இல்லையா? படம் அதில் பொய் சொல்லவில்லை.

கேள்வி: இது கம்யூனிசப் படம் என்று போலீஸ் விசாரணை நடந்ததாமே?

பதில்: வழக்கு என்று எதுவும் இல்லை. 1947-இல் அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐ எழுதிய ஒரு உள்குறிப்பில் இந்தப் படமும் வருகிறது. பேங்க் முதலாளியை இப்படி ஈவிரக்கமில்லாதவனாகக் காட்டுவது கம்யூனிஸ்டுகளின் உத்தி என்று யாரோ புகார் சொல்லியிருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால் காப்ரா குடியரசுக் கட்சிக்காரர், சிசிலியிலிருந்து சின்ன வயதில் கப்பலேறி வந்து, அமெரிக்கா எனக்கு எல்லாம் கொடுத்தது என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவர். அந்தப் படத்தில் இருப்பது மார்க்ஸும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பத்துப் பேர் சேமிப்பை ஒன்றாகப் போட்டு, அதிலிருந்து ஒருவர் வீடு கட்டி, அவர் திருப்பிக் கட்டும் பணத்தில் அடுத்தவர் வீடு கட்டுவது. ஊர் திரண்டு வந்து பணத்தைக் கேட்கும்போது ஜார்ஜ் அதைத்தான் சொல்கிறான்: உங்கள் பணம் பெட்டியில் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் வீட்டுச் சுவராக நிற்கிறது. வட்டி, கடன் விஷயத்தை இவ்வளவு எளிதாகப் புரியவைத்த காட்சி எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

கேள்வி: ஜார்ஜ் பிறக்காத உலகத்தில் அவன் மனைவி மேரிக்கு நேர்ந்த பெரிய கொடுமை, கல்யாணமாகாமல் கண்ணாடி போட்டுக்கொண்டு நூலகத்தில் வேலை பார்ப்பதாம். நான் நூலகர், கண்ணாடி போடுபவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள். சிரிப்பதா, அழுவதா?

பதில்: சிரியுங்கள் அம்மா. படத்தின் மட்டமான இடம் அதுதான், மறுபேச்சில்லை. எனக்குத் தெரிந்தவரை அந்தப் பாழடைந்த ஊரில் உருப்படியாக ஒரு வேலை பார்ப்பவள் மேரி ஒருத்திதான்.

ஆனால் மற்ற இடங்களில் மேரியைக் கவனியுங்கள். தேனிலவுக்கு வைத்திருந்த 2,000 டாலரை எடுத்து நீட்டி, யாருக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்பது மேரி. கூரை ஒழுகும் பாழடைந்த வீட்டை வீடாக்குவது மேரி. கடைசியில் ஜார்ஜ் பாலத்திலும் மதுக்கடையிலும் அலைந்துகொண்டிருக்கும்போது, ஊர் முழுக்கச் சொல்லிப் பணம் திரட்ட வைத்ததும் அவள்தான். தேவதூதர் ஜார்ஜின் மனதை மாற்றினார், சரி. ஜெயிலுக்குப் போகாமல் காப்பாற்றியது பெண்டாட்டி. மேரியாக வரும் டான்னா ரீட் அதைக் கொஞ்சமும் அலட்டாமல் நடித்திருப்பதால் நமக்குச் சட்டென்று உறைப்பதில்லை. பாழடைந்த வீட்டின் ஜன்னலைக் கல்லால் அடிக்கும் காட்சிக்குக் குறிபார்த்து எறியும் ஆள் ஒருவரைக் காப்ரா தயாராக வைத்திருந்தாராம், ரீட் தானே எறிந்து முதல் வீச்சிலேயே உடைத்துவிட்டார். நூலகர் சங்கத்தின் சார்பில் நீங்களும் ஒரு கல் எறிந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம்.

கேள்வி: கலர் அடித்த பதிப்பு ஒன்று இருக்கிறதே, அதைப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். ஸ்டூவர்ட்டே அதை எதிர்த்து அமெரிக்க நாடாளுமன்றம் வரை போய்ப் பேசினார்.

கேள்வி: முதல் தடவை பார்த்தபோது எனக்கு 20 வயது, ஜார்ஜ் ஒரு ஏமாளி என்று தோன்றியது. இப்போது 45. மறுபடி பார்த்தேன், இன்னும் ஏமாளி என்றுதான் தோன்றுகிறது, ஆனாலும் அழுதுவிட்டேன். ஏன்? அவன் ஆசைப்பட்ட எதுவும் கடைசிவரை கிடைக்கவில்லையே.

பதில்: இவ்வளவு கடிதத்தில் இதற்காகத்தான் இந்த இதழையே ஒதுக்கினேன். நீங்கள் சொன்னதுதான் சரி. அவனுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

மற்றப் பண்டிகைப் படங்களை யோசித்துப் பாருங்கள். கடைசி ரீலில் தொலைந்த அப்பா வருவார், காதலி வருவாள், கடை மீளும், கருமி மனம் திருந்துவான். இதில் யார் திருந்தினார்கள்? விடிந்தால் ஜார்ஜ் அதே மேசையில் போய் உட்கார வேண்டும். காது கேட்கப் போவதில்லை. பாலம் கட்டப் போவதில்லை. சின்ன வயதில் அவன் வேலை பார்த்த மருந்துக்கடைக்காரர் கோவர், பையன் உலகம் சுற்றப் போகிறான் என்று பேர் பொறித்த பெரிய பெட்டி ஒன்றை வாங்கிக் கொடுத்தாரே, அது எங்கோ பரண்மேல் கிடக்கும். வாரம் 45 டாலர் சம்பளக்காரனுக்கு வருடம் 20,000 டாலர் தருகிறேன் என்று பாட்டர் தூண்டில் போட்டபோது ஒரு நிமிடம் அவன் மனம் தடுமாறியதை நாமும் பார்த்தோம். ஏமாளிக்குத் தடுமாற்றம் இருக்காது. தான் என்ன இழக்கிறோம் என்று ஒவ்வொரு முறையும் அவனுக்குத் துல்லியமாகத் தெரியும். தெரிந்தே இருந்தான். அது வேறு.

அப்புறம் அந்தக் கடைசிக் காட்சி. அதை நான் பல வருடம் வெறும் அழுகைக் காட்சி என்றுதான் நினைத்திருந்தேன், ஒருமுறை சங்கத்தில் பணம் கேட்டு ஊர் திரளும் காட்சியை அதோடு சேர்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இரண்டும் ஒரே காட்சி! முதலாவதில் அறை நிறைய ஆட்கள், ஆளுக்கு ஆள் கை நீட்டுகிறார்கள், ஜார்ஜின் பணம் வெளியே போகிறது. கடைசியில் அவன் கையில் மிச்சம் இரண்டே டாலர். பல வருடம் கழித்து மறுபடி அறை நிறைய ஆட்கள், இந்த முறை பணம் உள்ளே வருகிறது. மதுக்கடைக்காரர் மார்ட்டினி, காசு போட்டால் பாடும் தன் கடையின் ஜூக்பாக்ஸை உடைத்துக் காசைக் கொண்டுவருகிறார். வேலைக்காரம்மா ஆனி, என்றைக்காவது புருஷன் கிடைத்தால் விவாகரத்துக்காகும் என்று சேர்த்து வைத்ததாம், அதைப் போடுகிறாள். கணக்குப் பார்க்க வந்த அதிகாரியே ஒரு நோட்டைப் போடுகிறார், கைது செய்ய வந்த ஷெரீஃப் வாரண்டைக் கிழிக்கிறார். லண்டனிலிருந்து நண்பன் சாம் 25,000 டாலர் வரை தருகிறேன் என்று தந்தி அடிக்கிறான், அது ஒன்றே போதும். ஆனால் அதற்குள் மேசை நிறையக் கசங்கிய நோட்டு. வாங்கியவர்கள் வரிசையாக வந்து திருப்பிக் கட்டுகிறார்கள். கடன் சங்கத்துக் கதைக்கு இதைவிடப் பொருத்தமான முடிவு இருக்க முடியுமா?

முதல் காட்சியில் இன்னொரு விஷயமும் உண்டு. ஆளுக்கு 20 டாலர் போதும் என்று வாங்கிக்கொண்டிருக்கும்போது ஒரு அம்மாள் தயங்கி, எனக்குப் பதினேழரை டாலர் கிடைக்குமா என்பார். அந்தத் தொகை ஸ்டூவர்ட்டுக்குச் சொல்லாமல் அங்கேயே சேர்த்தது. அவர் அந்த அம்மாளைப் பிடித்து முத்தமிடுவதும் எழுதி வைத்ததில்லை. எனக்கு 45 வயதானபோது அழ வைத்தது அந்தப் பதினேழரை டாலர்தான், உங்களுக்கு எது என்று எழுதுங்கள்.

கேள்வி: கடைசியாக ஒன்று. வருடா வருடம் பார்க்கிறீர்களே, இப்போதும் எதிர்பார்த்து உட்காரும் இடம் எது?

பதில்: மாடிப்படிக் கைப்பிடியின் தலையில் ஒரு மரக்குமிழ் இருக்கும். ஜார்ஜ் படியேறும்போதெல்லாம் கழன்று கையோடு வந்துவிடும். அந்தக் கெட்ட நாளில் அதைத் தூக்கி எறியப் போவான், அவ்வளவு எரிச்சல் முகத்தில். எல்லாம் முடிந்து வீட்டுக்கு ஓடி வந்து, பிள்ளைகளைப் பார்க்கப் படியேறும்போது அது மறுபடியும் கழன்று வரும். முத்தமிட்டு அதே இடத்தில் வைத்துவிட்டு மேலே ஓடுவான். அதைக் கடைசிவரை யாரும் சரி செய்வதில்லை.